கிழக்கு மூலையில் எடுத்த படம்

புதுசாகக் கேமரா வாங்கி வந்திருக்கிற தம்பி, தங்கச்சிகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எழுதிப் பழக்கம் இல்லை. எட்டாவதோடு நின்றவன். லென்ஸ் பற்றிச் சொல்ல மாட்டேன். அதைக் கடைக்காரர் சொல்வார். எந்தப் பறவை எந்த மாசம் வரும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. நான் ஒரு படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நல்ல படம்தான். வெளிச்சம், கணக்கு எல்லாம் சரியாக இருந்தது.

பம்மலில் தோல் பட்டறையில் இருந்தேன். தோல் ஊறுகிற தண்ணி கைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வெடித்துப் போனது. தாம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். கல்யாணத்துக்கு லைட் பிடிக்கிற வேலை. அங்கே பிரிண்ட் போட ஒருத்தர் வருவார். காலண்டர் அச்சடிக்கிற தொழில் அவருக்கு. பறவைக் காலண்டர். படமும் அவரே எடுப்பார். ஒரு நாள் என்னைப் பார்த்து, "வெயில்ல நிக்க முடியுமா? பேசாம இருக்க முடியுமா?" என்றார்.

"ரெண்டும் முடியும் சார்."

அப்படித்தான் இந்த வேலைக்கு வந்தேன். அவர் பேர் வேண்டாம். சார் என்றே சொல்கிறேன். மூட்டை தூக்கினேன், பறவை கண்ணில் படாமல் உட்கார மறைப்பு கட்டினேன், பிறகு சின்னக் கேமரா ஒன்றை என் கையிலும் கொடுத்தார்.

எங்களுக்கு சீசன் என்றால் பறவைகள் கிளம்புகிற நேரம்தான். வந்து இறங்கும்போது அழுக்குத் துணி மாதிரி இருக்கும். மாசி முடிகிறபோது நிறம் ஏறும். கருவால் மூக்கன் என்று ஒன்று, நீட்டு மூக்கு, நீட்டுக் கால். அதுக்குக் கழுத்திலிருந்து நெஞ்சு வரைக்கும் செங்கல் நிறம் வரும். பொழுது முழுக்க மூக்கைச் சேற்றில் குத்தித் தின்றுகொண்டே இருக்கும். போகிற வழிக்கு அதுதான் கட்டுச்சோறு. நிறமும் ஏறி, ஊரை விட்டும் போகாமல் இருக்கிற அந்தக் கொஞ்ச நாளில் எடுத்தால்தான் காலண்டருக்குப் படம்.

ஏரி, கோவிலம்பாக்கம் தாண்டி உள்ளே. பிலிம் போய் டிஜிட்டல் வந்துகொண்டிருந்த வருஷங்கள். சுற்றிலும் வீடு முளைத்துக்கொண்டிருந்தது. ஏரியில் கிழக்கு மூலை மட்டும் முழங்கால் ஆழம். மற்ற இடமெல்லாம் மண் எடுத்துப் பள்ளம் ஆக்கிவிட்டார்கள். பறவைக்குக் கால் ஊன்ற அந்த மூலைதான். தேசம்மாவுக்கும் அந்த மூலைதான்.

தேசம்மா கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள். இங்கே கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் போய்விட்டான். ரெண்டு பெண் பிள்ளைகள். படகு கிடையாது, வலை கிடையாது. மீன் போடுகிற மூங்கில் பறியை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணியில் இறங்கிக் கையால் தடவியே மீன் பிடிப்பாள். கெளுத்தி, குறவை, ஜிலேபி. கூட்டு ரோட்டில் உட்கார்ந்து விற்பாள். தினமும் தண்ணியில் நிற்கிறவள் என்பதால் பறவை அவளைக் கண்டுகொள்ளாது. ஒரு கை தூரத்தில் மேயும். நாங்கள் கரையில் இருமினாலே எழும்பிவிடும்.

அதனால் சார் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். படத்துக்குள் குப்பை வரக்கூடாது. ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கவர் தெரிந்தாலும் படம் செத்துப்போச்சு என்பார். ஏரியோ கவரும் தெர்மோகோலுமாகக் கிடக்கும். நாங்கள் மறைப்புக்குள் போய் உட்கார்ந்த பிறகு, எங்களுக்கு எதிரே இருக்கிற தண்ணியை தேசம்மா பொறுக்கிச் சுத்தம் செய்து கொடுப்பாள். சாக்கை இழுத்துக்கொண்டே குரல் கொடுப்பாள்.

"இன்னாண்ணா, குருவிக்கு வூடு கூட்டி வுடச் சொல்றியா? அப்பிடியே ஒரு கோலமும் போட்டு வுட்டுடவா?"

"சத்தம் போடாதே," என்பேன்.

"அதுங்க என் சத்தத்துக்கு ஏந்திரிக்காது. நீ தும்மாம இரு, போதும்."

இப்படிச் சில வருஷம். காலண்டர் நன்றாகப் போனது.

ஒரு மாசியில் லாரி வர ஆரம்பித்தது. இடித்த கட்டடத்துக் கல், மண், டைல்ஸ் துண்டு. கிழக்கு மூலையிலிருந்து தள்ளிக்கொண்டே வந்தார்கள். எதுக்கு என்று கேட்டால் ஒருத்தன் ரோடு என்றான். இன்னொருத்தன் கரையைப் பலப்படுத்துகிறோம் என்றான். பத்திரம் யாரும் காட்டவில்லை. தேசம்மா நிற்கிற இடம் நாளுக்கு நாள் சுருங்கியது.

"அண்ணா, இந்த மூலை போச்சுன்னா நான் போச்சு. அந்தாண்ட எறங்குனா தலைக்கு மேல தண்ணி. எங்கனா சொல்லு."

சாரிடம் சொன்னேன். சார் கெட்டவர் இல்லை. பறவைக்குப் பொறுப்பான ஆபீஸில் ஒரு அதிகாரி இருக்கிறார், அங்கே போகலாம் என்றார். இத்தனை வருஷமும் எடுத்ததில் நல்ல படமாகப் பொறுக்கிப் பெரிசாகப் பிரிண்ட் போட்டார். தன் கைக்காசு. மூன்று பேரும் வேனில் போனோம்.

அதிகாரி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். டீ வந்தது.

"இது நம்ம கோவிலம்பாக்கம் பக்கமா? ஃபாரின் மாதிரி இருக்கே சார்! பறவையும் நிறைய இருக்கு, தண்ணியும் சுத்தமா இருக்கு. உங்க கம்ப்ளெயின்ட் என்ன?"

சார் லாரி என்றார், குப்பை என்றார். அதிகாரி படங்களை மறுபடியும் புரட்டினார்.

"எங்க சார் குப்பை?"

தேசம்மா முன்னால் வந்தாள். "அத்த நான் பொறுக்கிட்டேன் சார்."

"அப்ப சுத்தம் ஆயிடுச்சேம்மா."

மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. சாரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "நான் பறவைக்குத்தான் பொறுப்பு. மண்ணுக்கு இல்ல. பறவை இருக்கிற இடத்துல லாரி கொட்டுதுன்னா நான் எழுதலாம். பறவையும் லாரியும் ஒரே படத்துல வேணும். திங்கக்கிழமை கொண்டு வாங்க. பறவை கிளம்பிட்டா அப்புறம் அது வெறும் தண்ணி. நான் எழுதினா நிக்காது."

சார் வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் ஆயிரக்கணக்கில் படம் கிடந்தது. லாரி வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் கவர் தெரிகிற படம்கூட ஒன்று இல்லை. வேன் மேடவாக்கம் வந்துவிட்டது. அப்புறம் தேசம்மா சொன்னாள்.

"உன் படத்துல நான் கூட்டுனது மட்டும் நல்லாத் தெரியுது சார்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் விடிகாலையே போய் உட்கார்ந்தோம். கருவால் மூக்கன் கூட்டம் மூலையில் மேய்ந்துகொண்டிருந்தது. நல்ல நிறம். சாயங்காலமானால் கூட்டமாக எழும்பி, கத்திக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப இறங்க ஆரம்பித்திருந்தது. அப்படிச் செய்தால் கிளம்பப் போகிறது என்று அர்த்தம். ஒரு அந்தியில் எழும்பும், இறங்காது.

லாரி வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டதுமே கூட்டம் மேற்கே நகர்ந்துவிட்டது. லாரி வந்தபோது மூலை காலி. டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டான். கதவில் தொங்கிக்கொண்டே கத்தினான்.

"இன்னா தலைவா, கொக்கு சினிமாவா? நம்ம வண்டியையும் ஒண்ணு எடு. தோ, நான்தான் ஹீரோ."

சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டு நிஜமாகவே நின்றான். எடுத்தேன். பறவை இல்லாத படம்.

அடுத்த நாளும் அதே கதை. லாரி வந்தால் பறவை இல்லை. பறவை இருந்தால் லாரி இல்லை. சார் மறைப்புக்குள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் தேசம்மாவைக் கூப்பிட்டார்.

"தேசம்மா, லாரி வர்ற நேரத்துக்கு அதுங்களை மூலைப் பக்கம் தள்ளிக்கிட்டு வர முடியுமா? பறக்க விடாம?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பறவையை எழுப்பி எடுக்கிறவன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்கிற மனுஷன் அவர். அதற்காகவே ஒரு முறை ஒருத்தரை வேனிலிருந்து இறக்கி விட்டவர்.

"வேணாம் சார்," என்றேன். "தின்ற நேரம். கிளம்பற நேரம்."

 பதில் தேசம்மாதான் சொன்னாள்.

"அதுங்க போற எடத்துக்கு ரெக்கை கீதுண்ணா. எனக்கு இன்னா கீது?"

 

சனிக்கிழமை காலை அவள் தண்ணியில் இறங்கினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையை லேசாக நீட்டி, அடி மேல் அடி வைத்தாள். ஆட்டுக்குட்டியை ஓட்டுகிற மாதிரி. கூட்டம் அவளுக்கு முன்னால் நடந்தது. ஒன்றும் பறக்கவில்லை. நடக்கிறது, குத்தித் தின்கிறது, நடக்கிறது. லாரி சத்தம் கேட்டபோது சில தலைகள் நிமிர்ந்தன. தேசம்மா நாக்கைத் தட்டி ஏதோ சத்தம் கொடுத்தாள். தலைகள் குனிந்தன. மற்ற நாளில் எழும்பியிருக்கும். அவள் இருந்ததால் நின்றது.

லாரி பின்னால் வந்து நின்று பெட்டியைத் தூக்கியது.

சாரின் பெரிய லென்ஸில் பறவை மட்டும்தான் அடங்கியது, லாரி அடங்கவில்லை. என் கையில் இருந்தது சின்ன லென்ஸ். எல்லாம் அடங்கியது. அமுக்கினேன். கல் சரிந்தது. மொத்தக் கூட்டமும் எழும்பியது. தண்ணி தெறித்து தேசம்மா உட்கார்ந்துவிட்டாள். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

கூட்டம் அன்றைக்கு மூலையில் இறங்கவில்லை. மேற்கே கரையோரமாக ஒண்டிக்கொண்டது. அங்கே தின்ன ஒன்றும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் லேபில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பார்த்தோம். தேசம்மாவும் வந்திருந்தாள். விற்று முடிந்த கூடையோடு பஸ் ஏறி வந்தவள். லேப்காரர் மூக்கைச் சுளித்து ஃபேனைக் கூட்டி வைத்தார்.

படம் அப்படியே இருந்தது. செங்கல் நிறத்தில் பறவைகள். பின்னால் தூக்கிய பெட்டி, சரிகிற கல், லாரி நம்பர்கூடப் படிக்க முடிந்தது. இடது ஓரத்தில் தேசம்மா. முழங்கால் தண்ணியில், கையை நீட்டிக்கொண்டு.

சார் ஓரத்தைக் காட்டி, "இதை வெட்டிடுங்க," என்றார்.

லேப்காரர் கோடு போட்டார். நான் சொன்னேன். "வேணாம் சார். வெட்டி வெட்டித்தான் போன தடவை இந்த கதி. இருக்கிறது இருக்கிற மாதிரியே போகட்டும்."

சார் யோசித்தார். நான் சொன்னதில் நியாயம் இருந்தது. தேசம்மா திரைக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள்.

"இது நானா? ஐய, இன்னா இப்பிடி இளைச்சிட்டேன்! இருக்கட்டும் சார். கண்ணாலத்துக்குக்கூட என்னிய யாரும் படம் புடிக்கல. ஆபீசரு என்னியும் பாக்கட்டும்."

வெட்டவில்லை.

திங்கட்கிழமை அதிகாரி படத்தை வாங்கிப் பார்த்தார். முகம் தெளிந்தது. "ஆங், இதுதான் வேணும். பறவை இருக்கு. லாரி இருக்கு. நம்பரும் இருக்கு." பேப்பரை இழுத்து எழுத ஆரம்பித்தார். அந்த நேரம் அவருக்கு மேல் அதிகாரி உள்ளே வந்தார். நின்றபடியே படத்தை எடுத்தார். விரலை ஓரத்தில் வைத்தார்.

"இது யாரு?"

தேசம்மா கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. "நான்தான் சார்."

"தண்ணிக்குள்ள என்ன பண்றே?"

"மீன் புடிப்பேன் சார்."

"கையை நீட்டிக்கிட்டு இருக்கே. பறவையைத் துரத்துறியா?"

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நாங்கள்தான் தள்ளிக்கொண்டு வரச் சொன்னோம் என்றால், படம் ஜோடிச்சது ஆகிவிடும். செல்லாது. லாரி நிற்காது. துரத்தவில்லை என்றால், நீட்டிய கைக்கு வேறு அர்த்தம் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தால் இவள் மாட்டுவாள். சார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். படிச்சவருக்கும் வரவில்லை, படிக்காதவனுக்கும் வரவில்லை.

"அவங்க தினமும் அங்க நிக்கிறவங்க சார்," என்றேன். "பழக்கம்."

"தினமுமா?" என்றார் மேல் அதிகாரி.

தேசம்மா என்னைப் பார்த்தாள். சாரைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. எங்களுக்கு முன்னாலேயே விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

"ஆமா சார். நான்தான் தொரத்துனேன். இவங்க மேல ஒண்ணும் இல்ல. லாரிய நிறுத்துங்க."

மேல் அதிகாரி தலையை ஆட்டினார். முதல் அதிகாரி எழுதினார். ரெண்டையும் எழுதினார். லாரி விஷயம் வேறு ஆபீஸ் சேர்ந்ததாம், அங்கே அனுப்புவார்களாம். தண்ணிக்குள் ஆள் இறங்குவதைத் தடுப்பது இவர்கள் கையில் இருக்கிறதாம், உடனே செய்யலாமாம். எங்கள் முன்னாலேயே ஒரு கையெழுத்து போட்டார்கள். வெளியே வந்ததும் தேசம்மா கேட்டாள்.

"நின்னுடுமாண்ணா?"

"எழுதியிருக்காங்க," என்றேன். எதை என்று அவள் கேட்கவில்லை.

அந்த வாரமே பறவைகள் போய்விட்டன. நிறம் முழுசாக ஏறாத சிலதும் கூடவே போனது. வயிறு நிரம்பிப் போனதா, பயந்து போனதா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி சொல்கிறவரை நம்பாதீர்கள்.

சார் அதற்கப்புறம் அந்த ஏரிக்கு வரவில்லை. அடுத்த வருஷம் வேறு ஏரி பார்த்துக்கொண்டார். என்னிடம் அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. அவரிடம் வேலை செய்த வரைக்கும் அப்படியே போனது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பின்னணி சுத்தமாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்லிக்கொடுப்பார்கள். சுத்தம் செய்தது யார் என்று ஒரு தரம் பாருங்கள். எல்லாம் உண்மையாகத் தெரியட்டும் என்று அடுத்த ஆள் சொல்லிக்கொடுப்பார். அந்த உண்மைக்குள் ஏழை ஒருத்தர் நின்றால், படம் போகிற இடத்தில் முதல் விரல் எங்கே விழும் என்று யோசியுங்கள். படம் எடுக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது. கொடுக்கும்போது இருக்கும். எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக இருந்தது. எதை வெட்டலாம் என்று பேசினோம். இவளுக்கு என்ன ஆகும் என்று ஒருத்தரும் பேசவில்லை.

சித்திரை வெயிலில் தேசம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். இரும்புலியூரிலிருந்து ரெண்டு பஸ் மாறிப் போனேன். மூலைக்குப் போகிற வழியில் புதுசாக ஒரு போர்டு நட்டிருந்தார்கள். பச்சைப் பெயின்ட், வெள்ளை எழுத்து. அவள் பறியை இடுப்பில் கட்டிக்கொண்டு அதுக்கு முன்னால் நின்றாள்.

"ஒரு ஆளு வந்து எறங்காதன்றான். போர்டப் பாருன்றான். இன்னா எயுதிக்கீது, படி."

படித்தேன். "பறவைகளுக்கு இடையூறு செய்வது குற்றம். ஏரியில் இறங்கவோ மீன் பிடிக்கவோ கூடாது. மீறினால் நடவடிக்கை."

"இன்னொரு தபா படி."

படித்தேன்.

"லாரின்னு எங்கனா போட்டுக்கீதா?"

கீழ் வரி வரைக்கும் பார்த்தேன். "இல்ல."

அவள் போர்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பின்னால் ஆரன் அடித்தது. லாரி. சீப்பு வைத்திருந்த அதே டிரைவர். என்னை அடையாளம் தெரிந்து கையைக் காட்டினான். பாதை குறுகல். போர்டு ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். மறுபடியும் ஆரன் அடித்தான்.

நாங்கள் ரெண்டு பேரும் ஒதுங்கி வழி விட்டோம்.